அதே சனத்திலிருந்து வந்த சமூகப் பணியாளர்: பலமா, பாரமா?

வாசகர் கேள்வி, 2024 மார்ச் 2

மதுரையில் சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். களப்பயிற்சிக்காக இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றுக்குப் போய் வருகிறேன். அங்கே வேலை செய்பவர்களில் பலர் முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் பேராசிரியர் ஒருவர், காயம்பட்ட சமூகத்தின் பிள்ளை அதே சமூகத்துக்கு ஆலோசகராக இருக்கக் கூடாது, தன் காயத்தையும் வந்தவர் காயத்தையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வார், வெளியாள்தான் சரி என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. களத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

2024 மார்ச் 3

வெளியாள் எங்கேயிருந்து வருவார்?

நான் இலங்கையில், கிளிநொச்சி மாவட்டத்தில் உளவளத்துணை (மனநல ஆலோசனை) வேலை பார்க்கிறவள். போர் முடிந்த 2009 மே மாதத்தைக் கடந்து வந்த வீடுகளுக்குள்தான் தினமும் போகிறேன். கூட வேலை செய்பவர்களும் அதே வழியால் வந்தவர்கள்தான். அப்படியானால் வெளியாள் கொழும்பிலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் கடல் தாண்டி வர வேண்டும். வந்தவர்கள் உண்டு. நல்ல மனிதர்கள், நிறையப் படித்தவர்கள். ஆனால் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஒரு பெண்ணைப் பிடிப்பார்கள். அந்தப் பெண்ணும் போரின் கடைசி நாட்களில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வெளியே வந்தவளாக இருப்பாள்.

நிபுணர் கேட்பதை அவள் தமிழில் கேட்பாள். பதிலை முதலில் காதில் வாங்குபவள் அவள்தான். அதைத் தன் வாயால், "என் பிள்ளை", "என் கை" என்று திருப்பிச் சொல்ல வேண்டியவளும் அவள்தான். வேலை முடிந்ததும் நிபுணர் வாகனத்தில் ஏறிப் போய்விடுவார். இவள் பஸ்ஸில் வீட்டுக்குப் போய் உலை வைப்பாள். பயிற்சி இல்லை, மேற்பார்வை இல்லை, நாள்கூலி மட்டும் உண்டு. ஆக, வெளியாளைக் கொண்டு வந்தாலும் காயம் அறைக்குள்தான் இருக்கிறது. அறையிலேயே சம்பளம் குறைந்த ஆள் அதைச் சுமக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் பேராசிரியரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

2024 மார்ச் 3, இரவு

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு வடக்கு கிழக்கில் ஏராளமான இளையவர்கள் உளசமூகப் பணியில் பயிற்சி பெற்றார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்கு முன்பே மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள், போர் தனி ஆளின் மனத்தை மட்டும் உடைப்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் ஊரில் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையையும் சேர்த்து உடைக்கிறது என்று எழுதியும் கற்பித்தும் வந்தார்கள். அதனால் 2009-இல் தேவை தலைக்கு மேல் போனபோது ஆட்கள் இல்லாமல் இல்லை.

தடை வேறு இடத்தில் இருந்தது. போர் முடிந்த முதல் ஆண்டுகளில் வடக்கில் எந்த நிறுவனம் எதைச் செய்வதென்றாலும் சனாதிபதி செயலணியின் அனுமதி வேண்டும். வீடு, கிணறு, கோழிக்கூடு என்றால் கிடைக்கும். உளசமூகப் பணி என்றால் கிடைப்பது மிகக் கடினம். ஆட்கள் கூடியிருந்து என்ன நடந்தது என்று கதைப்பதற்குத்தான் பயம். அந்த ஆண்டுகளில் பலர் கோழிக் குஞ்சு கொடுக்கும் திட்டத்தின் பெயரில் போய், கூட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அழுகிறவர்களைக் கேட்டார்கள். பதிவேட்டில் கோழிக் கணக்கு மட்டும்தான் இருக்கும்.

2024 மார்ச் 9

"வழிவழியாக வரும் மனவடு என்கிறீர்கள், கதை சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளைக் கெடுப்பதைத்தானே சொல்கிறீர்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

எங்கள் வீட்டில் யாரும் கதை சொன்னதில்லை. பை ஒன்று இருந்தது.

அம்மாயி மலையகத்தில், மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து இந்திய வம்சாவளித் தோட்டத்துச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1949-இல், இந்திய பாகிஸ்தானிய வம்சாவளியினர் பதிவு செய்துகொள்ளலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. கலியாணம் முடித்தவர் 7 ஆண்டும் தனி ஆள் 10 ஆண்டும் இடைவிடாமல் இந்நாட்டில் இருந்ததாகக் காட்ட வேண்டும். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பிறந்து லயத்தில் செத்தவர்களுக்கு எந்தக் காகிதம் இருக்கும்? 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. அம்மாயி வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

அதிலிருந்து அவர் எந்தக் காகிதத்தையும் எறிந்ததில்லை. தோட்டத்துச் சீட்டு, தடுப்பூசி அட்டை, கூப்பன் புத்தகத்தின் கிழிந்த அட்டை எல்லாம் பைக்குள் போகும். 1977 ஆகஸ்டில் லயத்துக்கு நெருப்பு வைத்தபோது அவர் தூக்கியது அந்தப் பையைத்தான். அதோடுதான் வடக்கே வன்னிக்கு வந்தார். அம்மா அதைப் பொறுப்பெடுத்தார். 2009-இல் பதுங்கு குழிக்குள் சோற்றுப்பானைக்கு முன்னால் பை இறங்கியது.

எனக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. ஆனால் இப்போதும் கடையில் தந்த ரசீதுத் துண்டை எறியக் கை வராது. வீட்டுக்கு வெளியே எங்கே படுத்தாலும் அடையாள அட்டை தலையணைக்குக் கீழே இருக்கும். என் மகள் பள்ளிக்கூட அட்டையைத் தலையணைக்குக் கீழே வைப்பதை ஒருநாள் பார்த்தேன். அவள் போருக்குப் பிறகு பிறந்தவள்.

கதை சொல்லாததால்தான் வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

2024 மார்ச் 10

"அது மரபணுவில் வருகிறது, அறிவியல் நிரூபித்துவிட்டது" என்று இன்னொருவர். கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் நினைப்பது நியூயார்க்கில் ரேச்சல் யெஹுடா குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வு என்று நினைக்கிறேன். நாஜி இனப்படுகொலையில் தப்பியவர்கள் 32 பேர், அவர்களின் பிள்ளைகள் 22 பேர். மன அழுத்தத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணுவில் இருக்கும் வேதியியல் குறிகளைப் பார்த்தார்கள். கவனிக்க வேண்டிய ஆய்வுதான். ஆனால் அத்தனை சிறிய எண்ணிக்கையை வைத்து எங்கள் பிள்ளைகளின் இரத்தத்திலேயே எழுதியாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

எனக்கு இதில் ஒரு பயம் உண்டு. இரத்தத்தில் இருக்கிறது என்று சொன்னால் தாய்மார் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்வார்கள். "நான் வயிற்றில் சுமந்தபடி ஓடினேனே, அதுதான் பிள்ளை இப்படி" என்று ஒரு தாய் என்னிடம் அழுதார். எங்கோ ஒரு கருத்தரங்கில் அவர் கேட்டது அது. அந்தப் பிள்ளைக்குக் காது மந்தம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, கருவி போட்டதும் வகுப்பில் முன்னுக்கு வந்துவிட்டான்.

2024 மார்ச் 17

மதுரைத் தம்பிக்கு. உங்கள் பேராசிரியருக்குச் சொல்ல ஒரு பெயர் தருகிறேன். வரலாற்று மனவடு என்ற கருத்தை முறையாக வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் மரியா யெல்லோ ஹார்ஸ் பிரேவ் ஹார்ட். அமெரிக்காவின் லகோட்டாப் பழங்குடியைச் சேர்ந்தவர். தொழிலால் சமூகப் பணியாளர். 1890 டிசம்பரில் வூண்டட் நீயில் அவருடைய சனத்தை அமெரிக்கப் படை சுட்டுக் குவித்தது. அந்தக் காலங்களில் பிள்ளைகளைப் பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள், துக்கச் சடங்குகளையே தடை செய்தார்கள். அழ விடாத துக்கம் அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்பதை அவர் உள்ளேயிருந்து பார்த்து எழுதினார். வெளியாள் எழுதவில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்ததாகச் சொல்வது. 1992-இல் அவர் தன் முறையை முதலில் யாரிடம் செய்து பார்த்தார் தெரியுமா? நோயாளிகளிடம் அல்ல. லகோட்டா மக்களுக்குச் சேவை செய்யும் பணியாளர்கள் 45 பேரிடம். அவர்களைக் கறுப்பு மலைகளுக்குக் கூட்டிப் போய், வரலாற்றை ஒன்றாகப் பார்க்க வைத்து, தங்கள் முறைப்படி அழ வைத்தார். பணியாளர்தான் முதலில்.

எங்களுக்கு அப்படி யாரும் செய்ததில்லை. 2009-இல், போரிலிருந்து வெளியே வந்த சனத்தை அடைத்த மெனிக் ஃபார்ம் முகாமுக்குள்ளேயே அடைபட்டிருந்தவர்களைத் தொண்டர்களாக எடுத்து, அடுத்த கூடாரத்துக்குப் போய் ஆறுதல் சொல்லச் சொன்னார்கள். நானும் அப்படித்தான் இந்த வேலைக்குள் வந்தேன்.

2024 மார்ச் 24

நடைமுறையில் எப்படி என்று கேட்டவர்களுக்கு.

வன்னியில் ஒரு வீட்டுக்குள் போனால் முதல் கேள்வி அவர்களுடையது. "பிள்ளை எந்த இடம்?" அடுத்தது, "கடைசியில எங்க நிண்டனீங்கள்?" மூன்றாவது, "உங்கட ஆட்களில ஆரும்?" இது விசாரணை இல்லை. இவளிடம் எவ்வளவு சொல்லலாம், எதைச் சொன்னால் இவள் தாங்குவாள் என்று அவர்கள் என்னை அளக்கிறார்கள்.

எங்களுக்குக் கற்பித்த பாடத்தில், பணியாளர் தன்னைப் பற்றிச் சொல்லக் கூடாது. கேள்வியை மெதுவாகத் திருப்பிவிட வேண்டும். இங்கே திருப்பினால் தேத்தண்ணி குடித்துவிட்டு வெளியே வர வேண்டியதுதான். அந்த வீடு பிறகு திறக்காது. அதனால் உண்மையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "மாத்தளனில நிண்டனாங்கள் அம்மா. மாமா ஒருத்தர் இல்லை. இப்ப நான் உங்களைக் கேட்க வந்தனான்." இவ்வளவுதான். மாத்தளன் என்றால், கடைசி மாதங்களில் சனம் நெருக்குண்டு கிடந்த முல்லைத்தீவுக் கரை. மாமாவைப் பற்றி மேலும் கேட்டால், "அது பிறகு" என்பேன். கோபிக்க மாட்டார்கள். செத்த வீட்டுக்குப் போனால் நம் வீட்டுச் சாவை நடுவில் வைத்து அழுவதில்லை. அந்த நாகரிகம் நம் சனத்துக்குத் தெரியும். அதே நாகரிகம்தான் இந்த வேலைக்கும் போதுமான அளவுகோல் என்பது என் எண்ணம்.

அதே சனத்து ஆள் என்பதால் வரும் ஆபத்து நான் அழுதுவிடுவேன் என்பதில் இல்லை. கேட்காமல் விட்டுவிடுவேன் என்பதில் இருக்கிறது. "அதுக்குப் பிறகு தெரியும்தானே" என்று ஒருவர் நிறுத்தினால், தெரியும் என்று தலையாட்டிவிடுவோம். பத்து வீட்டில் அப்படி நடந்திருக்கும், ஆகவே இந்த வீட்டிலும் அப்படித்தான் என்று மனம் தானே நிரப்பிக்கொள்ளும். வெளியாள் "தெரியாது, சொல்லுங்கள்" என்று கேட்டிருப்பார். இதில் உங்கள் பேராசிரியர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. நான் இப்போது, "எனக்குத் தெரிஞ்சது எங்கட வீட்டுக் கதைதான் அம்மா, உங்கடது தெரியாது" என்று சொல்கிறேன்.

2024 ஏப்ரல் 6

மேலே எழுதியதையெல்லாம் வாசித்தேன். "நம் சனம்" என்று பல இடத்தில் எழுதியிருக்கிறேன். அதைப் பிரித்துச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான்.

கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் பக்கம் போனால் எங்களைப் போல மலையகத்திலிருந்து அடிபட்டு வந்தவர்கள்தான் அதிகம். 1977, 1981, 1983 என்று அலையலையாக வந்தோம். வந்தவர்களைக் குடியேற்ற முன்னின்றது காந்தியம் இயக்கம். அதை நடத்தியவர்களில் ஒருவர் மருத்துவர் இராஜசுந்தரம். 1983 ஏப்ரலில் அவரைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறைக்குள் கொன்றார்கள். அகதிக்கு மண்ணும் மண்வெட்டியும் கொடுத்ததற்காக ஒருவருக்கு அந்த முடிவு. சமூகப் பணி நடுநிலையான தொழில் என்று வகுப்பில் யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். 1984-இல் டொலர், கென்ட் பண்ணைகளில் குடியிருந்த மலையகக் குடும்பங்களையும் படையினர் துரத்தினார்கள். பலருக்கு அது இரண்டாவது துரத்தல்.

இது ஒரு பக்கம். வன்னித் தமிழர் நடுவிலும் எங்களுக்கு ஒரு பெயர் இருந்தது. "தோட்டக்காட்டான்." பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன். வயலில் கூலி வேலைக்கு எங்களைக் கூப்பிடுவார்கள், கிணற்றடியில் தள்ளி நிற்கச் சொல்வார்கள். போர்க்காலத்தில் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் பிள்ளை கொடுத்ததில் எங்கள் குடிசைகள் குறைவில்லை. போர் முடிந்து இந்தியா கட்டிக்கொடுத்த 50,000 வீட்டுத் திட்டம் வந்தபோது, காணிப் பத்திரம் எங்கே என்றார்கள். முப்பது வருடமாகக் குடியிருந்தும் பத்திரம் இல்லாதவர்கள் எங்கள் ஆட்களில் நிறைய. மறுபடியும் காகிதம்.

ஆகவே "அதே சமூகத்துப் பணியாளர்" என்று சொல்வது லேசு. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் சக உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் குடியிருப்புக்குள் வந்தால் அவரும் வெளியாள்தான். நான் பெரிய கமக்கார வீடொன்றுக்குள் போனால், திண்ணையில் பாய் விரிப்பார்களா கதிரை தருவார்களா என்பதில் நான் யார் என்று தெரிந்துவிடும். அங்கேயும் மகனைப் பறிகொடுத்த தாய் இருக்கிறாள். அவள் முன்னால் பாயில் இருந்து கேட்டிருக்கிறேன். பாயில் இருத்தியது வலித்தது, அவள் சொன்னதும் வலித்தது. எது எந்த வலி என்று பிரித்து எழுதிப் பார்க்க ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். பயிற்சியில் கிடைத்தவற்றில் எனக்கு மிகவும் உதவியது இந்தப் பழக்கம்தான்.

2024 ஏப்ரல் 14

கோத்தகிரியிலிருந்து மாமி வருடப்பிறப்புக்குக் கூப்பிட்டார். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் நாடற்ற தோட்டத்துச் சனத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பதாகவும் 3,00,000 பேரை இலங்கை எடுப்பதாகவும் பங்கு பிரித்தார்களே, அதில் அம்மாயியின் தங்கை குடும்பம் இந்தியப் பங்குக்குள் போனது. நீலகிரியில் தேயிலைதான் பிடுங்கினார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் "சிலோன்காரன்". மாமியின் மகள் இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் கள வேலை செய்கிறாளாம். என்ன வேலை என்று கேட்டேன். தாயகம் திரும்பியோர் வீடுகளுக்குப் போய்ச் சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறாளாம்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பலகாரம் பற்றிக் கதைத்தோம்.

2024 ஏப்ரல் 28

இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். 70,000-க்கும் மேற்பட்டவர்கள் உடுத்த துணியோடு போனார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தார்கள். போர் முடிந்து கொஞ்சப் பேர் திரும்பினார்கள்.

நாச்சிக்குடாப் பக்கம் அப்படித் திரும்பிய ஒரு வீட்டுக்குப் போனேன். பிள்ளை பள்ளிக்குப் போகாத விஷயம். அந்த வீட்டு உம்மாவும் அதே முதல் கேள்வியைக் கேட்டார். "தொண்ணூறில நீங்க எங்க இருந்தீங்க?" சின்னப் பிள்ளை நான், ஆனால் இங்கேதான் இருந்தேன். அதைச் சொன்னேன். "இருந்தீங்கதானே. அதை ஒத்துக்கொள்ளவே ஆளில்ல" என்றார். பிறகுதான் பிள்ளையைப் பற்றிக் கதைத்தார்.

நாங்கள் வாங்கிய அடியைச் சுமப்பது எங்களுக்குப் பழக்கம். எங்கள் பெயரில் மற்றவருக்கு விழுந்த அடியும் அந்தச் சுமையோடு சேர்ந்துதான் வருகிறது. பக்கத்து வீடு காலியானதைப் பார்த்து எங்கள் பெரியவர்கள் வாய் திறக்கவில்லை. பயத்தால் திறக்கவில்லை, சிலர் வேறு காரணத்தாலும் திறக்கவில்லை. அந்த மௌனமும் என் பங்குதான். சிறுபான்மைச் சமூகத்திலிருந்து வரும் பணியாளருக்குத் தன் காயம் மட்டும் தெரிந்திருந்தால் போதாது என்று எனக்கு விளங்கியது அந்த உம்மாவின் முற்றத்தில்தான். பயிற்சி நெறிகளில் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை.

இதற்குக் கோபமாகப் பதில் எழுதியவர்களுக்கு: எங்கள் இழப்பு எதையும் நான் குறைக்கவில்லை. மேலே எழுதியதையெல்லாம் இன்னொரு முறை வாசியுங்கள்.

2024 மே 5

டொராண்டோவிலிருந்து ஒரு தம்பி நல்ல விஷயம் ஒன்றை எழுதியிருக்கிறார். கனடாவில் 1960-களிலிருந்து பழங்குடிப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் வீடுகளிலிருந்து பிரித்து வெள்ளையர் குடும்பங்களுக்குக் கொடுத்தவர்களே சமூகப் பணியாளர்கள்தான். இன்று அந்தச் சனத்திலிருந்து சமூகப்பணி படித்து வரும் பெண்ணைத் தன் ஊரே சந்தேகமாகப் பார்க்கிறதாம். எங்களுக்கு அவ்வளவு இல்லை. ஆனாலும் அரசாங்க அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு வீட்டுப் படலையைத் திறக்கும்போது நாய் மட்டுமா குரைக்கிறது? வெளியேறச் சொன்னதும் பதிவு எடுத்ததும் விசாரித்ததும் எல்லாம் ஒரு கொப்பியோடு வந்த ஆட்கள்தான். நான் கொப்பியைப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் போவேன்.

2024 மே 14

மே மாதம். அலுவலகத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் இந்த வாரத்தில் எல்லோருக்கும் கை தவறும். தேதி பிழையாக விழும், சாவி தொலையும், சின்ன விஷயத்துக்குச் சண்டை வரும். பதினைந்து வருடம் ஆகிறது.

12-ஆம் திகதி இரவு திருகோணமலை சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்களைப் பொலிஸ் கைது செய்திருக்கிறது. அரிசியும் தண்ணீரும் உப்பும். கடைசி நாட்களில் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தது அது. அதை நினைத்து ஒரு கோப்பை குடிப்பது குற்றம் என்றால் துக்கத்தை எங்கே கொண்டுபோவது? ஐந்து வயதுப் பிள்ளை கஞ்சி குடித்துவிட்டு "இதில ஏன் பால் இல்லை?" என்று கேட்கும்போது ஒரு தாய் பதில் சொல்லத் தொடங்குகிறாள். அழுகையோடுதான், ஆனால் சொல்கிறாள். நாங்கள் மாதக்கணக்கில் வீடு வீடாகப் போய்ச் செய்ய முயல்வது அந்தக் கதையைச் சொல்ல வைப்பதைத்தான்.

அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் 18-ஆம் திகதி முள்ளிவாய்க்கால் நினைவேந்தலில் நிற்பதா என்ற கேள்வி ஒவ்வொரு வருடமும் வரும். நான் போவேன். லீவு எடுத்துப் போவேன்.

2024 ஜூன் 2

பேராசிரியர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று மார்ச் மாதம் எழுதியிருந்தேன். இன்னும் ஒன்று இருக்கிறது, அது பெரியது.

2016-இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமல் போயிருக்கிறார் என்று ஒரு சான்றிதழ் கொடுக்க வழி செய்தார்கள். காணாமல் போனோர் அலுவலகமும் வந்தது. 2022-இல் ஒரு குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக அமைச்சரவை முடிவெடுத்தது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தெருவோரம் இருந்து போராடும் தாய்மார், காசு வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல் என்றார்கள். இங்கே இருக்கும் என் மாமியும் (கோத்தகிரி மாமி வேறு) அவர்களோடு இருக்கிறார். மாமாவின் படத்தைக் கையில் வைத்திருக்கிறார்.

குடும்பங்களுக்கு இந்த விண்ணப்பங்களை விளக்கச் சொல்லி எங்களை அனுப்பினார்கள். எடுக்கிறவர்களுக்கு அதை எடுக்க உரிமை இருக்கிறது. வங்கிக் கணக்கு, காணி, பிள்ளையின் படிப்பு எல்லாம் அதில் தங்கியிருக்கிறது. மறுக்கிறவர்களுக்கு மறுக்க உரிமை இருக்கிறது. இரண்டையும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். மாமியின் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு என்னால் அப்படிச் சொல்ல முடியாது. எடு என்றால் மாமிக்குத் துரோகம் போலத் தோன்றும், எடுக்காதே என்றால் அந்தப் பெண்ணின் பிள்ளைக்கு.

மேலதிகாரியிடம் போய், இந்தக் கோப்புகளை மட்டும் எனக்குத் தராதீர்கள் என்றேன். காரணம் கேட்டார், சொன்னேன். அவர் அதை வேலை செய்ய முடியாதவளின் முறைப்பாடாக எடுக்கவில்லை. இன்னொரு உத்தியோகத்தரோடு மாற்றிக் கொடுத்தார். அவருடைய வழக்குகளில் அவரால் பார்க்க முடியாத சிலதை, நுண்கடன்காரரின் நெருக்குதலில் மருந்து குடித்த பெண்களின் வீடுகளை, நான் எடுத்தேன். அவருடைய அக்கா அப்படிப் போனவர். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

எல்லா அலுவலகத்திலும் அப்படி நடப்பதில்லை. இன்னொரு இடத்தில் இதே போலக் கேட்ட ஒருத்தியை "உமக்கே உளவளத்துணை தேவை" என்று கூட்டத்தில் வைத்துச் சொன்னார்கள். அவள் அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் சொன்னதில்லை. இப்போது வீட்டுக்கு வந்தவர்களிடமும் அதிகம் கேட்பதில்லை, படிவத்தை நிரப்பி அனுப்பிவிடுகிறாள். நல்ல வேலைக்காரி என்று பெயர். அவளைப் பற்றித்தான் பேராசிரியர் கவலைப்பட வேண்டும். அவளைக் கெடுத்தது பரம்பரைக் காயம் இல்லை. அதை மறைத்து வைத்தால்தான் சம்பளம் என்று ஆக்கிய அலுவலகம்.

2024 ஜூன் 9

முகாம் பணியாளர்களைப் பற்றித் தம்பி கேட்டதற்கு நான் நேராகப் பதில் சொல்லவேயில்லை. தமிழ்நாட்டு முகாம்களில் 1980-களிலிருந்தே ஈழ அகதிகளின் மறுவாழ்வுக்கான ஓஃபர் (OfERR) நிறுவனம் அகதிகளையே சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் பயிற்றியது. அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளின் படிப்பு என்னாகியிருக்கும்? முகாம்களில் மலையகத்திலிருந்து வந்தவர்களும் கணிசமாக இருக்கிறார்கள், இன்றுவரை எந்த நாட்டுக் குடியுரிமையும் கையில் இல்லாதவர்கள். அவர்களுக்கு விண்ணப்பம் எழுதும் பெண்ணுக்கே குடியுரிமை இல்லை. களப்பயிற்சியில் அவளிடம் போய் ஆராய்ச்சிக் கேள்வி கேட்க வேண்டாம். வாரத்தில் ஒரு பின்னேரம் அவளுடைய பதிவேடுகளை நீங்கள் எழுதிக் கொடுங்கள், அவள் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கட்டும்.

2024 ஜூன் 16

மட்டக்களப்பிலிருந்து எழுதிய தங்கச்சிக்கு. மன்னார் மாவட்டத்து முசலியில் திரும்பிவந்த முஸ்லிம் குடும்பங்களோடு வேலை கிடைத்திருக்கிறது, நான் தமிழ்ப் பிள்ளை, 1990-இல் என் பெரியப்பா வீட்டிலும் சாவு விழுந்தது, போகலாமா அக்கா என்று கேட்டிருக்கிறாய்.

கிழக்கில் அந்த வருடம் இரண்டு பக்கமும் விழுந்தது. காத்தான்குடிப் பள்ளிவாசலுக்குள் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் கொன்றார்கள். தமிழ்க் கிராமங்களில் ஊர்காவல் படையும் இராணுவமும் கொன்றார்கள். நீ இரண்டையும் கேட்டு வளர்ந்திருப்பாய், அல்லது ஒன்றை மட்டும் கேட்டு வளர்ந்திருப்பாய். எது என்று போவதற்கு முன்னால் உட்கார்ந்து பார். ஒன்றை மட்டும்தான் என்றால் மற்றதைத் தெரிந்த ஒரு முதியவரிடம் போய்க் கேள். குறிப்பு எடுக்காதே.

போகலாம். ஆனால் சில விஷயத்தைக் கேட்டுவிட்டுப் போ. மாதம் ஒரு தடவையாவது உன் வழக்குகளைப் பற்றிக் கதைக்க அலுவலகத்துக்கு வெளியே ஓர் ஆள் தருவார்களா? உன்னால் பார்க்க முடியாத கோப்பை மாற்ற வழி இருக்கிறதா? அங்கே ஒரு முஸ்லிம் சகோதரி உன்னோடு சேர்ந்து களத்துக்கு வருவாரா? தனியாக அனுப்பினால் முதல் மூன்று மாதம் பெரிய வேலை எதையும் தொடங்காதே. சிலாவத்துறைக் கடைத்தெருவில் உன்னை எல்லோருக்கும் தெரியட்டும்.

கேட்டதற்கெல்லாம் சரி என்பார்கள். எழுத்தில் வாங்கு. வாய்ச்சொல்லாக இருந்தால் மேலதிகாரிக்கு மாற்றம் வந்த அன்றே போய்விடும். நியமனக் கடிதம் வந்ததும் இங்கே எழுது. மன்னாரில் இந்த வேலையில் இருக்கும் இரண்டு அக்காமாரை எனக்குத் தெரியும், அவர்களிடம் சொல்லி வைக்கிறேன்.